அம்மா செங்கல்பட்டு போயிருக்கா!

போன வருடம், பொங்கல் கும்பல் ஓய்ந்த பிறகு வந்த ஒரு சனிக்கிழமை. மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்குப் போகும் வழியில் இரண்டு பக்கமும் கடைகளாக இருக்குமே, அந்தத் தெரு. மூன்று வயது நிறையாத என் மகன் அங்கே நடுவழியில் மல்லாந்து படுத்துக் காலை உதைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வேண்டியது மஞ்சள் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் வண்டி. சாலை போடும் இடத்தில் மண் அள்ளுமே, அந்த வண்டி. அதே வண்டி எங்கள் வீட்டில் ஏற்கெனவே மூன்று இருக்கிறது. ஒன்றுக்குக் கை உடைந்துவிட்டது. இன்னொன்றுக்குச் சக்கரம் இல்லை. மூன்றாவது கட்டிலுக்கு அடியில் எங்கேயோ கிடக்கிறது.

பொம்மைக்கு அழாத குழந்தை எங்கே இருக்கிறது, இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று நீங்கள் நினைக்கலாம். அன்று காலை யாராவது சொல்லியிருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

நடந்தது புரிய வேண்டுமானால் எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சென்னைக்குத் தெற்கே, படூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். கணவர், மாமியார், கணவரின் தம்பி, கல்லூரியில் படிக்கும் தங்கை, நான், என் மகன். நான் ஓ.எம்.ஆர் சாலையில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பிரசவ விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து பகல் முழுவதும் பிள்ளை மாமியாரிடம்தான். நான் கிளம்பும்போது தூங்கிக்கொண்டிருப்பான். திரும்பி வரும்போது பாதித் தூக்கத்தில் இருப்பான்.

கொழுந்தனும் நாத்தனாரும் என்னை அண்ணி என்று கூப்பிடுவார்கள். மாமியாரை அவர் பெற்ற மூன்று பேரும் அம்மா என்பார்கள். பேச்சு வந்த வயதில் குழந்தை என்ன செய்யும்? காதில் விழுந்ததைச் சொல்லும். ஆக, மாமியார் அவனுக்கு அம்மா ஆனார். நான் அண்ணி ஆனேன்.

நம் பக்கத்துக் குடும்பங்களில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. பெற்ற அப்பாவை அண்ணன் என்று கூப்பிட்டே வளர்ந்த ஒருவர் எங்கள் அலுவலகத்திலேயே இருக்கிறார். எங்கள் வீட்டிலும் அதை ஒரு வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். யாராவது வந்தால் பிள்ளையை முன்னால் நிறுத்தி, என்னைக் காட்டி, இது யாருடா என்று கேட்பார்கள். அவன் அண்ணி என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அதட்டித் திருத்தக் கூடாது, தானாகச் சரியாகிவிடும் என்று எங்கேயோ படித்திருந்ததால் விட்டுவிட்டேன். விட்டது சரியா என்று வாரம் ஒருமுறை சந்தேகம் வரும். வந்தால் மறுபடி செல்போனில் தேடிப் படிப்பேன். அதில் ஒருவர் விடுங்கள் என்பார், இன்னொருவர் விடாதீர்கள் என்பார்.

பொம்மை விஷயமும் இப்படித்தான். அழுது கேட்டால் வாங்கித் தரக் கூடாது என்பது என் கட்சி. ஒருமுறை அழுகைக்கு மசிந்தால் அடுத்த முறையும் அதே ஆயுதத்தைத்தான் எடுப்பான் என்று எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். மாமியார் அதையெல்லாம் படித்ததில்லை. "கொழந்த கேக்குது, வாங்கிக் குடுத்தா இன்னா கொறஞ்சா பூடும்?" என்பார். அடுத்த நிமிடம் பொம்மை அவன் கையில் இருக்கும். வாங்கித் தருபவர் அம்மா. வேண்டாம் என்று சொல்பவள் அண்ணி. அவன் அளவில் அந்தப் பெயர்கள் பொருத்தமாகத்தான் இருக்கின்றன என்று சில நாள் கசப்போடு நினைத்துக்கொள்வேன்.

அந்த வாரம் மாமியாரின் தங்கைக்குக் கண் அறுவை சிகிச்சை. துணைக்கு இருக்க மாமியார் செங்கல்பட்டு போயிருந்தார். அவர் இல்லாத வீட்டில் பிள்ளை வாசற்கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். கணவருக்கு சனிக்கிழமையும் வேலை. எனக்கு விடுமுறை. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், நானும் அவனும் மட்டும் எங்கேயாவது போக வேண்டும். இவள்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள், இவள்தான் எல்லாம் காட்டினாள் என்று அவன் மனதில் பதிய வேண்டும். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பெற்ற பிள்ளையிடம் பேர் வாங்கத்தான் அன்று கிளம்பினேன்.

நாத்தனார் தயங்கினாள். "அண்ணி, கடையப் பார்த்தா அவன் பேஜார் பண்ணுவான். நான் வேணா கூட வரட்டா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கேளம்பாக்கம் போய் பஸ் மாறி, கோவளம் வழியாக மாமல்லபுரம் போனோம். ஜன்னல் ஓர இடம் கிடைத்தது. வழியெல்லாம் மாடு காட்டினேன், உப்பளம் காட்டினேன், கடல் காட்டினேன். வெண்ணெய்ப் பாறையைப் பார்த்ததும் அவனுக்கு ஒரே குஷி. உருண்டு விழுவதுபோல் நிற்கும் அந்தப் பாறையின் கீழே போய், இரண்டு கைகளையும் வைத்து முக்கி முக்கித் தள்ளினான். தள்ளிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். நானும் போய்ச் சேர்ந்து தள்ளினேன். பக்கத்தில் யாரோ ஒருவர் எங்கள் இரண்டு பேரையும் என் செல்போனில் படம் எடுத்துக் கொடுத்தார். அந்த அரை மணி நேரத்துக்காக இன்னொரு முறை இவ்வளவும் படலாம் என்று தோன்றும். உடனே, வேண்டவே வேண்டாம் என்றும் தோன்றும்.

பிறகுதான் அந்தக் கடைத்தெரு. சங்கு, சோழி மாலை, கல்லில் செதுக்கிய யானை, தொப்பி, பக்கத்தில் எங்கேயோ கல் அறுக்கும் இயந்திரத்தின் இரைச்சல். ஒரு பொம்மைக் கடையின் முன் வரிசையில் அந்த மஞ்சள் வண்டி நின்றது. நான் பார்ப்பதற்கு முன்பே அவன் பார்த்துவிட்டான்.

"மண்ணு வண்டி!"

"வீட்ல மூணு இருக்கு கண்ணா."

"மண்ணு வண்டி!"

படித்ததை எல்லாம் வரிசையாகச் செய்தேன். முதலில் குழந்தையின் உயரத்துக்குக் குனிய வேண்டும். குனிந்தேன். அதன் உணர்ச்சியை நாம் வாயால் சொல்ல வேண்டும். சொன்னேன். "உனக்கு அந்த வண்டி வேணும், கிடைக்கலன்னு கோவமா இருக்கு, அம்மாவுக்குப் புரியுது" என்றேன். அவன் என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தான். அதைத் தேடி எடுத்து மாட்டிக்கொள்வதற்குள் தரையில் படுத்துவிட்டான். அடுத்தது கவனத்தைத் திருப்புவது. அங்கே பாரு யானை, இங்கே பாரு பலூன் என்றேன். அந்தத் தெருவில் போன அத்தனை பேரும் யானையைப் பார்த்தார்கள், அவனைத் தவிர. பொம்மைக் கடைக்காரர் வேறு, அந்த நேரம் பார்த்து வண்டிக்குச் சாவி கொடுத்து மேசைமேல் ஓடவிட்டார். அந்த மனிதரை இன்றுவரை மன்னிக்கவில்லை.

கடைசி வழி ஒன்று பாக்கி இருந்தது. கண்டுகொள்ளாமல் இருப்பது. பார்க்க ஆள் இல்லையென்றால் குழந்தை அழுகையை நிறுத்திவிடும், பத்திரமான தூரத்தில் நின்று கவனியுங்கள் என்று ஒரு பெண் செல்போன் வீடியோவில் சிரித்த முகத்தோடு சொல்லியிருந்தாள். நான் எழுந்து, "சரி, நீ இரு, நான் போறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். பக்கத்துச் சிற்பக் கடை வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு கல் யானை இருந்தது. அதன் பின்னால் போய் நின்றுகொண்டு, தும்பிக்கை இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

அவன் நிறுத்தவில்லை. என்னைக் காணாமல் இன்னும் வீறிட்டான். "அம்மா! அம்மா!"

அந்தக் குரல் என்னை என்னவோ செய்தது. ஆனால் அவன் கூப்பிட்டது என்னை இல்லை. அது எனக்குத் தெரியும். அந்தத் தெருவில் வேறு யாருக்குத் தெரியும்?

எதிரே சோழிக் கடை வைத்திருந்த அக்கா ஒருவர் கடையை விட்டு இறங்கி வந்தார். நாற்பது வயதிருக்கும், திடமான உடம்பு. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். "யார் புள்ளமா இது? யார்து? இப்டி வுட்டுட்டுப் போய்க்கிறாங்க?"

யானைக்குப் பின்னாலிருந்து ஓடி வந்தேன். "என் பையன்தாங்க" என்று கையை நீட்டினேன்.

அவன் என்னைப் பார்த்தான். வண்டி வாங்கித் தராதவள், விட்டுவிட்டுப் போனவள். கோபமெல்லாம் சேர்ந்து அவன் முகம் சிவந்தது. அந்த அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்தினான். "போ! அண்ணி வேணாம்! அம்மாகிட்ட போணும்!"

நீட்டிய என் கையை அந்த அக்கா தன் இன்னொரு கையால் பிடித்தார். வாங்கிக்கொள்ளும் பிடி இல்லை அது, நிறுத்தும் பிடி.

"இன்னாமா, உன் புள்ளன்ற. அவன் உன்ன அண்ணின்றான்?"

"வீட்ல எல்லாரும் என்னை அப்படிக் கூப்பிடுவாங்க. அதைக் கேட்டுக் கேட்டு இவனும்..."

"அப்போ இவன் அம்மான்னு கேக்கறது யார?"

"என் மாமியாரை."

சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. சத்தியமான உண்மை. ஆனால் உலகத்தில் எந்தத் திருடியும் இவ்வளவு மோசமாகப் பொய் சொல்லமாட்டாள்.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. தொப்பி விற்பவர், இளநீர்க்காரர், பஸ்ஸில் சுற்றுலா வந்த பெண்கள், ஓர் ஆட்டோ ஓட்டுநர். "மாமியாரு அம்மாவாம், இவங்க அண்ணியாம். இன்னா கதடா இது" என்று யாரோ சொல்ல, யாரோ சிரித்தார்கள். அந்த அக்கா சிரிக்கவில்லை. பிள்ளையின் கண்ணைத் துடைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"நைனா, இவங்க யாரு?"

"அண்ணி."

"உங்கம்மா எங்க கீறாங்க?"

என் பிள்ளைக்கு அப்போது தெளிவாகச் சொல்ல வந்த ஊர்ப்பெயர்கள் இரண்டோ மூன்றோதான். அதில் ஒன்றை, அந்த வாரம் முழுவதும் வீட்டில் கேட்டுக் கேட்டு மனப்பாடமாகியிருந்ததை, விக்கலுக்கு நடுவில் அழகாகச் சொன்னான்.

"அம்மா செங்கல்பட்டு போயிருக்கா."

சுற்றுலாப் பெண்களில் ஒருத்தி உரக்கச் சொன்னாள். "அய்யய்யோ, செங்கல்பட்லேர்ந்து தூக்கிகினு வந்துக்கிறா!"

அதற்குப் பிறகு யார் என்ன பேசினார்கள் என்று வரிசையாகச் சொல்ல என்னால் முடியாது. செல்போன் புதிது, அதில் என் மகன் படம் என்று இருந்தது அன்று காலை வெண்ணெய்ப் பாறையில் எடுத்தது ஒன்றுதான், அதைக் காட்டினேன். "போட்டோ இன்னா போட்டோ, இன்னிக்கி எட்த்தது தானே" என்றார் தொப்பிக்காரர். தொடையில் மச்சம் இருக்கிறது என்றேன். குளிப்பாட்டுகிற வேலைக்காரிக்குக்கூடத் தெரியும் என்றார்கள். பழைய செல்போனில் எத்தனையோ படங்கள், பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை எல்லாம் இருக்கின்றன. எல்லாம் படூரில் பீரோவில் இருக்கின்றன. பிள்ளையைக் கடற்கரைக்குக் கூட்டிப் போகும் எந்தத் தாய் அதையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு போவாள்?

கணவரை அழைத்தேன். அவருடைய தொழிற்சாலையில் வேலை நேரத்தில் செல்போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆட்டோ ஓட்டுநர், "ஸ்டேஷன் கிட்டக்கதான் கீது, இட்டுகினு போய்டலாம்" என்றார். அது நல்ல யோசனைதான். இப்போது நினைத்தால் தெரிகிறது. அப்போது என் தோள்பையின் வாரை யாரோ பின்னாலிருந்து இழுத்தார்கள். "இவளுங்கள சும்மா வுடக் கூடாது" என்று ஒரு குரல் கேட்டது. ஒருவர் செல்போனை உயர்த்திப் படம் பிடிக்க ஆரம்பித்தார். பிள்ளை பிடிக்க வந்தவள் என்று சந்தேகப்பட்டு யார் யாரையோ அடித்த செய்திகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பார்த்து உச்சுக் கொட்டிவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கிறோம். அடி விழும் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட, பிள்ளையை வேறு யாரிடமாவது கொடுத்து அனுப்பிவிடுவார்களோ என்ற பயம்.

மாமியாரை அழைத்தேன். எடுத்தார். உயிர் வந்தது. எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் பிள்ளை அந்தக் குரலைக் கேட்டுவிட்டு, "அம்மா!" என்று அலறினான்.

"டேய் ராஜா, ஏன்டா அழுவுற? அம்மா இங்கதான்டா கீறேன். அம்மா வந்து மண்ணு வண்டி வாங்கித் தரேன்டா, அழுவாத."

சோழிக் கடை அக்கா என் செல்போன் பக்கம் குனிந்தார். "யம்மா, இது உன் புள்ளையா?"

"ஆமா, என் புள்ளதான். நீ யாரு? இன்னாச்சு என் புள்ளைக்கு?"

எந்தப் பாட்டி பேரனை என் பிள்ளை என்று சொல்லமாட்டார்? அவர்மேல் தப்பே இல்லை. ஆனால் அந்த நேரத்தில் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. "அத்தை, நான்தான் பெத்தேன்னு சொல்லுங்க, கொஞ்சம் சொல்லுங்க" என்று கத்தினேன். இணைப்பு அறுந்து போயிருந்தது. மறுபடி அழைத்தால் சிக்னல் இல்லை.

"பெத்தவளே பேசிட்டா, இன்னும் இன்னா வேணும்?" என்றார் தொப்பிக்காரர்.

அந்த அக்கா என் கையை விட்டார். விட்டுவிட்டு, பிள்ளையோடு இரண்டடி பின்னால் போனார். ஆட்டோ ஓட்டுநர் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். "நீ அப்டிக்கா நில்லுமா."

நான் நின்றேன். வேறு என்ன செய்ய முடியும்? பிடுங்கினால் இன்னும் சந்தேகம் வரும். அழுதால் நடிப்பு என்பார்கள். என் பிள்ளை எனக்கு எட்டாத இடத்தில், அறிமுகம் இல்லாத ஒருவர் இடுப்பில் இருந்தான். நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அவன் என்னைத் தேடினான். ஆட்டோ ஓட்டுநரின் காக்கிச் சட்டை மறைத்ததால் எட்டிப் பார்த்தான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். தன்னைத் தூக்கி வைத்திருக்கும் முகத்தை முதல் முறையாக நன்றாகப் பார்த்தான். உதடு பிதுங்கியது. மஞ்சள் வண்டி, செங்கல்பட்டு எல்லாம் மறந்து போயிற்று.

"அண்ணி!"

அது வேறு அழுகை. பிள்ளை பெற்றவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும். பொம்மைக்கு அழும்போது நம் முகத்தைப் பார்த்துப் பார்த்து அழும். இது அப்படி இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கைகளையும் காற்றில் நீட்டி, "அண்ணி! அண்ணி!" என்று மூச்சு அடங்காமல் அழுதான். அந்த அக்காவால் இடுப்பில் பிடித்து வைக்க முடியவில்லை. காக்கிச் சட்டைக்காரர் தானாகவே விலகினார்.

என் கைக்கு வந்ததும், எப்போதும் செய்வதைச் செய்தான். மூக்கை என் தோளில் அழுத்தித் துடைத்தான். இடது கட்டை விரலை வாயில் போட்டுக்கொண்டான். வலது கையால் என் முடியை ஒதுக்கி, காதைத் தேடிப் பிடித்து, கம்மலுக்குக் கீழே அந்தத் தொங்கும் சதையை இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்து உருட்ட ஆரம்பித்தான். வேப்பெண்ணெய் தடவிப் பால் மறக்கடித்த நாளிலிருந்து அவனுக்கு இந்தப் பழக்கம். வேறு யார் காதையும் தொடமாட்டான். மாமியார் காதைக்கூட. அந்தக் காது எப்போதும் சிவந்துதான் இருக்கும். அலுவலகத்தில் கேட்பார்கள், அலர்ஜியா என்று. எனக்கு எரிச்சலாக இருக்கும். எத்தனை முறை அவன் கையைத் தட்டிவிட்டிருக்கிறேன்.

அந்த விரல் உருட்ட உருட்ட, அவன் விசும்பல் குறைந்து குறைந்து நின்றது. கண் சொருகியது.

கூட்டத்தில் இருந்த பெண்கள் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செங்கல்பட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தாள் என்று சொன்னவளும்தான். சோழிக் கடை அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவர்கள் பக்கம் திரும்பினார்.

"இதுக்கு மேல இன்னா ஆதார் கார்டு வேணும் உங்களுக்கு? போங்கப்பா, அவுங்கவுங்க சோலியப் பாருங்க."

பிறகு செல்போனை உயர்த்தி வைத்திருந்தவரிடம் போனார். "இன்னா புட்ச்சிகினு கீற? அழி அத. என் கண்ணு முன்னாடி அழி." அவர் அழிக்கும்வரை அங்கேயே நின்றார்.

அதற்குப் பிறகு என்னிடம் வந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. "புள்ளைய நடுத் தெருல வுட்டுட்டு யானைக்குப் பின்னால இன்னாமா பண்ணிகினு இருந்த?" என்றார். கண்டுகொள்ளாமல் இருந்தால் அழுகையை நிறுத்துவான் என்று செல்போனில் சொன்னார்கள் என்று எப்படிச் சொல்வது? தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்றேன். "சரி, நிழல்ல குந்து" என்று ஸ்டூலைக் காட்டினார். எனக்கு அவர்மேல் இருந்த கோபத்தில் உட்காராமல் நடந்துவிட்டேன்.

நடந்தேனா, பத்தடிக்குள் தோளில் தலை நிமிர்ந்தது. "மண்ணு வண்டி."

இதுவரை என் கொள்கைகளைப் பற்றி இவ்வளவு எழுதியதால் இதையும் எழுதிவிடுகிறேன். வாங்கிவிட்டேன். சாவி கொடுத்து ஓடவிட்ட அதே கடைக்காரரிடம், பேரம்கூடப் பேசாமல். அந்தத் தெருவில் இன்னும் ஓர் அலறலைக் கேட்கும் சக்தி எனக்கு இல்லை. செய்தது சரியா, தப்பா? தெரியவில்லை. பஸ் கோவளம் தாண்டுவதற்குள் வண்டியின் கை கழன்று விழுந்தது. அவன் அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை, தூங்கிப் போனான். நான்தான் சீட்டுக்கு அடியில் குனிந்து அந்தக் கையைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்படித் தேடும்போதுதான் உறைத்தது, மாமியாருக்குப் பதில் நாத்தனாரை அழைத்திருக்கலாமே என்று. "சொல்லுங்க அண்ணி" என்று அவள் எடுத்த எடுப்பில் சொல்லியிருப்பாள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்திருக்கும். எனக்கு நல்ல யோசனைகள் எப்போதும் பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் வரும்.

வீட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்தில் மாமியார் வந்து நின்றார். பேரன் அலறியதும், யாரோ ஒரு குரல் இது உன் பிள்ளையா என்று கேட்டதும், இணைப்பு அறுந்ததும்தான் அவருக்குத் தெரியும். அதற்குப் பிறகு நான் சிக்னல் கிடைத்து அழைத்தபோது அவர் பஸ்ஸில் இருந்திருக்கிறார், சத்தத்தில் கேட்கவில்லை. தங்கையை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறார். தலை கலைந்து, கண் வீங்கி, காலில் தங்கையின் செருப்பு. அவரிடம் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் நான் தயார் செய்து வைத்திருந்த கேள்விகள் அந்தச் செருப்பைப் பார்த்ததும் மறந்து போயின.

பிள்ளை "அம்மா!" என்று ஓடி அவர் காலைக் கட்டிக்கொண்டான். நடந்ததை நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே அவனைத் தூக்கினார். பிறகு என் பக்கம் அவன் முகத்தைத் திருப்பினார்.

"டேய், அதான்டா அம்மா. நான் உங்கப்பாவப் பெத்த ஆயாடா. ஆயா. சொல்லு பாக்கலாம்."

அதைச் சொல்லும்போது அவர் குரல் சரியாக இல்லை. அவன் பிறந்தபோது இந்த வீட்டில் அவர் ஒருவர்தான் அவனைக் குளிப்பாட்டத் தெரிந்தவர். அவனுக்குக் காய்ச்சல் வந்த பகல்களில் நான் அலுவலகத்தில் கணினி முன்னால் இருந்தேன், அவர் மடியில் அவன் இருந்தான். அந்தப் பெயரை அவர் திருடவில்லை. தானாக வந்தது. தானாக வந்ததைத் திருப்பிக் கொடுக்கவும் தயாராகிவிட்டார்.

"இருக்கட்டும் அத்தை, அவனே மாத்திக்குவான்" என்றேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

அவன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அங்கே எல்லாப் பிள்ளைகளும் அம்மா என்று சொல்வதைப் பார்த்து மாற்றிக்கொண்டான். ஆனால் ஒரு விசித்திரம். கடையில் ஏதாவது வேண்டும் என்றால் குழைந்து குழைந்து "அம்மா" என்பான். கீழே விழுந்து முட்டியில் அடிபட்டால், தூக்கத்தில் பயந்தால், "அண்ணி!" என்றுதான் கத்துகிறான். இரண்டுக்கும் ஓடுகிறேன். முதலாவதற்கு மட்டும் கொஞ்சம் மெதுவாக.

அந்தச் சோழிக் கடை அக்காவின்மேல் இருந்த கோபம் எனக்கு எப்போது போயிற்று என்று சரியாகத் தெரியவில்லை. அவர் பிடித்த இடத்தில் என் வளையல் அழுந்தி ஒரு வாரம் தடம் இருந்தது. அதைத் தடவும்போதெல்லாம் ஆத்திரமாக வரும். ஒரு நாள் அதே தடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறொன்று தோன்றியது. அன்று அவனைத் தூக்கப் போனது நானாக இல்லாமல், உண்மையாகவே எவளோ ஒருத்தியாக இருந்திருந்தால்? அவள் கையிலும் இதே தடம் விழுந்திருக்கும். கடையைத் திறந்து போட்டுவிட்டு, யாரோ பெற்ற பிள்ளைக்காக அவர் அவளையும் இப்படித்தான் பிடித்திருப்பார்.

முன்பெல்லாம் கடைத்தெருவில் ஒரு பிள்ளை புரண்டு அழுதால், பாவம் அந்த அம்மாவுக்குச் சங்கடமாக இருக்குமே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவேன். இப்போது அந்தப் பிள்ளை யார் தோளில் போய் அடங்குகிறது என்று பார்த்த பிறகுதான் என் கால் அங்கிருந்து நகர்கிறது.